ஆக்டோபஸ் எங்கே போச்சு? காற்றைக் கேளுங்க

நம்ம கரையில பேய்க்கணவாய்ன்னு சொல்ற ஆக்டோபஸ் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். ஆனா நான் எடுத்துக்கிற இடம் ஸ்பெயினோட வடமேற்கு மூலையில இருக்கிற கலீசியா. அங்க ஆக்டோபஸ் இல்லாம திருவிழாவே கிடையாது. ஒரு வருஷம் கூண்டு நிறைய விழும், அடுத்த வருஷம் பாதி கூட வராது. ஏன்?

தாயிடமிருந்து ஆரம்பிப்போம். பாறை இடுக்குல ஒரு லட்சத்துல இருந்து ஐந்து லட்சம் முட்டை வரைக்கும் இடும். ஒவ்வொன்னும் நொய்யரிசி அளவுதான். அது பொரியுற வரைக்கும் தாய் இரை தேடிப் போறதில்ல. காவல் காத்து, தண்ணியைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணி, கடைசியில செத்துப்போகும். இந்தக் காவல் எத்தனை நாள்ங்கிறதைத் தண்ணியோட சூடுதான் முடிவு பண்ணுது. 25 டிகிரின்னா ஏறக்குறைய நாலு வாரம். 13 டிகிரின்னா நாலு மாசம் வரை இழுக்கும்.

பொரிஞ்சு வர்ற குஞ்சு 2, 3 மில்லிமீட்டர்தான். ஒரு கைக்கு மூணே உறிஞ்சிகள். அது அடியில தங்காது. மிதவை உயிரியா, நீரோட்டம் இழுக்கிற பக்கம் போகும். எனக்கு இந்தக் கதையிலயே முக்கியமான கட்டம் இதுதான்.

கலீசியாவுல கோடையில வடக்குக் காற்று மேல் தண்ணியைக் கரையை விட்டு வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப, ஆழத்துல இருந்து சத்து நிறைஞ்ச குளிர்ந்த தண்ணி மேல வரும். நண்டு, இறால் குஞ்சுகள் பெருகும். ஆக்டோபஸ் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. பெரும்பாலான முட்டைகள் பொரியறது இந்தக் காற்று அடங்குற இலையுதிர் காலத்துல. கரையோரம் வலை போட்டா அன்னன்னைக்குப் பொரிஞ்ச குஞ்சுதான் கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்தது பெரும்பாலும் கண்டத்திட்டுக்கு வெளியே, ஆழ்கடல் பக்கம்தான் இருக்கு. வளர்ந்து, எடை கூடி, திரும்பவும் தரையில இறங்கினாதான் அது மீனவர் கணக்குல வரும்.

விகோ நகரத்து ஆய்வாளர்கள் காற்று விவரத்தையும் பிடிப்பு விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பிடிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுறதுல 85 சதவீதம் வரைக்கும், குஞ்சு பொரியறதுக்கு முன்னயும் அது மிதந்து திரியற மாசங்கள்லயும் அடிச்ச காற்றால விளக்க முடிஞ்சது!

பெருசானதுக்கு அப்புறம் அதோட தேவையே வேற: ஒளிய ஒரு பொந்து, நண்டு, சிப்பி, உப்பு குறையாத தண்ணி. ஆத்துத் தண்ணி அதிகமா கலக்குற இடத்துல அது நிக்காது.

இதோட ஆயுசே ஒண்ணு, ரெண்டு வருஷம்தான். அதனால ஒரு தலைமுறை குஞ்சு அழிஞ்சா, ஈடு கட்ட வயசான ஆக்டோபஸ் கடல்ல மிச்சம் இருக்காது. தடைக்காலம் போட்டுத் தாயைக் காப்பாத்தலாம், காற்றை என்ன பண்றது?

இதுக்கு நேரெதிராவும் நடக்கும். 2025ல இங்கிலாந்தோட டெவன், கார்ன்வால் கரையில, கடல் வழக்கத்தை விடச் சூடா இருந்தப்போ, ஆக்டோபஸ் கூட்டம் கூட்டமா வந்துச்சு. 1950லயும் அங்க அப்படி வந்திருக்கு. கூண்டுக்காரங்களுக்கு விக்க ஆக்டோபஸ் கிடைச்சது. ஆனா கூண்டுல மாட்டியிருந்த நண்டையும் சிங்கி இறாலையும் அது முன்னாடியே தின்னுட்டு, வெறும் ஓட்டை மட்டும் விட்டு வச்சிருந்துச்சு.