போட்டோஷாப் லினக்ஸுக்கு ஏன் வரவில்லை? டிசைனர்களைக் கட்டிப்போடும் 'ஃபைல்' சிக்கல்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு, "லினக்ஸ் போடுங்க, காசே வேணாம்" என்ற யோசனை உடனே கிடைக்கிறது. பிரவுசர், ஆபீஸ் வேலை என்றால் சரி. ஃபிளெக்ஸ் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் செய்து பிழைப்பவர் முதலில் கேட்பது வேறு: போட்டோஷாப் ஓடுமா, கோரல்டிரா ஓடுமா?

நேரடியாக ஓடாது. இரண்டுக்குமே இன்று லினக்ஸ் பதிப்பு கிடையாது.

லினக்ஸுக்கு அந்தத் தெம்பு இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. ஹாலிவுட்டின் பெரிய கிராஃபிக்ஸ் ஸ்டுடியோக்கள் லினக்ஸில்தான் வேலை செய்கின்றன. மாயா, நியூக், ஹூடினி, டாவின்சி ரிசால்வ் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. விலை உயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷின்களை நம்பியிருந்த ஸ்டுடியோக்கள் செலவைக் குறைக்க லினக்ஸுக்கு மாறின. மொத்தமாக லைசென்ஸ் வாங்கும் கஸ்டமர் போன இடத்துக்கு மென்பொருள் நிறுவனங்களும் போயின. வேடிக்கை என்னன்னா, போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியே தன் 'சப்ஸ்டன்ஸ் 3டி பெயின்டர்' மென்பொருளை லினக்ஸுக்கும் தருகிறது.

டிசைனர்கள் அப்படி மொத்தமாக இல்லை. சின்னச் சின்னக் கடைகளாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஸ்டேட்கவுன்ட்டர் கணக்கில், உலக டெஸ்க்டாப்களில் லினக்ஸின் பங்கு 4 சதவீதத்தைத் தொட்டதே 2024-ல்தான்.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2000-ல் கோரல்டிரா 9 லினக்ஸுக்கு வந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் கோரலில் 13.5 கோடி டாலர் போட்டது. அடுத்த ஆண்டே கோரல் தன் லினக்ஸ் பிரிவை விற்றது. லினக்ஸில் அடுத்த கோரல்டிரா வரவே இல்லை.

இலவச மென்பொருள்கள் போதாதா?

ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் எதுவும் விளையாட்டுச் சாமான் அல்ல. ஆனா வேகம் குறைவு. மூலப் படத்தை மாற்றாமலேயே அதன் நிறத்தைச் சரிசெய்யும் 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' போட்டோஷாப்பில் 1996-லேயே வந்துவிட்டது. அதற்கு ஈடான வசதி ஜிம்ப்பில் 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில்தான் வந்தது. அச்சுக்குத் தேவையான சி.எம்.ஒய்.கே. நிறமுறையில் நேரடியாக வேலை செய்ய ஜிம்ப்பில் இன்னும் வழியில்லை; கிரிட்டாவிலும் ஸ்கிரைபஸிலும் உண்டு.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். உண்மையில் மாட்டிக்கொள்வது ஃபைலில்தான். பிரஸ்காரர் 'சி.டி.ஆர். ஃபைல் அனுப்புங்க' என்பார். கஸ்டமர் போன வருஷத்து பி.எஸ்.டி.யைத் தூக்கி வருவார். இன்னொரு மென்பொருளில் திறந்தால் எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட் என்றால் கேட்கவே வேண்டாம். தனி ஆள் மட்டும் மாறினால் நஷ்டம் அவருக்குத்தான்.

எல்லோரும் சேர்ந்து மாறினால்?

பக்கத்து மாநிலத்தில் உதாரணம் இருக்கிறது. கேரளாவின் 'ஜனயுகம்' நாளிதழ் 2019-ல் பேஜ்மேக்கரை விட்டு லினக்ஸ், ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று மாறியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடும் தெரியாது. ஸ்கிரைபஸ் இந்திய எழுத்துகளைக் கையாளத் தொடங்கியதும் மாற்றம் சாத்தியமானது. பத்திரிகையில் எழுதுவதும் பக்கம் கட்டுவதும் ஒரே கூரையின் கீழ் என்பதால், எந்த ஃபைல் ஓட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்ய முடிந்தது.

வெளி பிரஸ்ஸை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மாறும் முன் பிரஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது: எழுத்துகளை உள்ளேயே பதித்த பி.டி.எஃப். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? சரி என்றால் பாதி தலைவலி போச்சு. பி.எஸ்.டி. ஃபைலைத் திறக்க பிரவுசரிலேயே ஓடும் 'ஃபோட்டோபியா' இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்காமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, பழைய வேலைகளில் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.