டிஷ் அண்ணனோடு கூரை ஏறிய நாள்

ஓட்டோவுக்குள் ஏறியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இணையம் படுத்துவிட்ட வீடுகளுக்குப் போய் அதை எழுப்பிவிட்டு வரும் இருவரோடு நாள் முழுக்கச் சுற்ற அனுமதி கிடைத்திருக்கிறது! அட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் இறங்கும் வளைவுகளில் ஓட்டோ சாயும்போதெல்லாம் கேபிள் சுருள் என் மடியில் வந்து விழுந்தது. காலடியில் கிளாம்புகள் நிறைந்த பழைய பெயின்ட் வாளி. முதுகுக்குப் பின்னால் துளை போடும் மெஷின், சிலிக்கோன் குழாய், மடித்த சாக்குகள், குடை, ஒரு கட்டி சவர்க்காரம். சவர்க்காரம் எதற்கு?

"அட்டைக்கு. கால்ல தேச்சுக்கிட்டா கிட்ட வராது," என்று முன்னாலிருந்து பதில் வந்தது.

ஓட்டுகிறவரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் 'டிஷ் அண்ணன்' என்கிறார்கள். ரொம்ப வருஷமாகத் தோட்டத்து வீடுகளுக்குத் தொலைக்காட்சி டிஷ் பூட்டியவர். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இலங்கைக்கு வந்ததும் கூரை வேலையில் இன்னொரு வகை சேர்ந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி தொழில்நுட்பக் கல்லூரி முடித்த கையோடு வந்தவர். ஏணியைக் கட்டிய கயிற்றை ஒரு கையால் வெளியே பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் போனில் அடுத்த வீட்டுக்காரருக்குப் பதில் அனுப்பினார்.

இன்றைய வீடு ஒரு டீச்சருடையது. மாலையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறார். கொஞ்ச நாளாக, கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்துவிடுகிறதாம். சில நாள் மொத்தமாகவே போய்விடுகிறதாம்.

போனவுடன் கூரையில் ஏறுவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை! முதலில் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ. அந்த டீயோடுதான் பாதி வேலை நடக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"டீச்சர், யூடியூப் பாக்கும்போது நிக்குதா?"

"இல்லண்ணே, அது நல்லா ஓடுது."

"வகுப்புல மட்டும் நிக்குது?"

"ஆமா. நாலஞ்சு செக்கன்ட். பொறகு தானா வந்துருது."

அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் சிரிப்பு. எனக்கு மட்டும் ஒன்றும் புரியாததால் இரக்கப்பட்டு விளக்கினார்கள். யூடியூப் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓடுகிறது. சில விநாடி இணைப்பு அறுந்தாலும் வெளியே தெரியாது. நேரடி வகுப்பில் சேமிப்பு ஏதும் இல்லை, அறுந்த கணமே முகம் உறையும். அப்படியானால் இணைப்பு பலவீனமாக இல்லை, விட்டு விட்டு மறைகிறது. மறைக்கிற ஆளைப் பிடிக்க வேண்டும்.

"மிஸ்ட்டுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார் டீச்சர். "பாவம், அதுக்குச் சும்மா கெட்ட பேரு," என்றார் அண்ணன். கொட்டும் மழை சிக்னலைத் தின்னும். பனிமூட்டம் அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. மலைநாட்டுக்காரர்களுக்கு இது எத்தனை நல்ல செய்தி!

அடுத்தது முற்றத்தில் நடந்த காட்சி. இதை உங்களுக்குக் காட்டவே நான் எழுத உட்கார்ந்தேன். தம்பி போனில் ஆப்பைத் திறந்து, கமராவை வானத்துக்குத் தூக்கி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினார். கோயிலில் ஆத்மப் பிரதட்சணம் செய்கிறவரின் அதே பொறுமை, அதே ஒருமுகம். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்று, அவர் சுற்றுகிற பக்கமெல்லாம் தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள். சுற்றி முடித்ததும் திரையில் வானம் ஓர் அரைக்கோளமாக விரிந்தது. பெரும்பகுதி சுத்தம். ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு.

எல்லோரும் அந்தத் திசையில் திரும்பினோம். உயரமான ஒரு கருப்பந்தைல மரம், காற்றில் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"புடிச்சாச்சு!" என்று வேலிக்கு அப்பால் ஒரு பொடியன் கத்தினான்.

அந்த மரம் அங்கே எப்போதும் இருந்ததுதான். டிஷ்தான் இடம் மாறியிருக்கிறது. கூரைத் தகரம் மாற்றியபோது டீச்சரின் மச்சான் அதைக் கழற்றி, பக்கச் சுவரில் தாழ்வாகப் பூட்டிவிட்டார். தொலைக்காட்சி டிஷ்ஷுக்கு அது போதும், ஏனென்றால் அது பார்ப்பது வானத்தில் ஒரே புள்ளியை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுழலும் செயற்கைக்கோள் நமக்கு நகராததாகத் தெரியும். டீச்சர் வீட்டு ஸ்டார்லிங்க் டிஷ் பேசும் செயற்கைக்கோள்கள் வெறும் 550 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 27,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஒன்று போனால் அடுத்தது. யாரோடு பேசுவது என்பது 15 விநாடிக்கு ஒருமுறை மறுபடியும் முடிவாகிறது. அதனால் டிஷ்ஷுக்கு அகலமான வானம் வேண்டும். செயற்கைக்கோள் மரத்துக்குப் பின்னால் போகும் அந்த விநாடிகளில்தான் டீச்சர் உறைந்திருக்கிறார்.

மரத்தை வெட்டலாமா? தோட்ட நிர்வாகத்தின் மரம், அனுமதியில்லாமல் கிளையைக்கூடத் தொடக்கூடாது. டிஷ்ஷைத்தான் உயர்த்த வேண்டும்.

இனிக் கூரை! தகரத்தில் காலை மழை இன்னும் காயவில்லை. முதலில் சாக்குகள் மேலே போயின, அவற்றின் மேல் தம்பி. "ஆணி வரிசையில மட்டும் கால வைங்க. அடியில மரம் இருக்கு. நடுவுல வச்சீங்கன்னா டீச்சர் வீட்டுச் சோத்துப் பானைக்குள்ளதான் எறங்குவீங்க," என்று எனக்குப் பாடம் நடந்தது. நான் ஏணியின் உச்சியில் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். அங்கிருந்து தேயிலை மலைகள் அடுக்கடுக்காக இறங்குவது தெரிந்தது. ஆனால் வேலை செய்கிற இருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் கண்ணெல்லாம் துருப்பிடித்த ஒரு போல்ட்டில். தம்பி பல்லைக் கடித்துத் திருகினார், வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள், காத்திருந்தார்கள். "இதப் பூட்டின மச்சான் கல்யாணத்துக்கும் இவ்வளவு இறுக்கமாத்தான் முடிச்சுப் போட்டாரா?" என்று அண்ணன் கேட்க, கீழே சமையலறையிலிருந்து டீச்சரின் சிரிப்பு தகரத்தைத் தாண்டி வந்தது. போல்ட்டும் அப்போதுதான் இளகியது.

சுவர் உச்சியில் ஜி.ஐ. பைப்பை நட்டு, டிஷ்ஷை அதன் தலையில் ஏற்றினார்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் துளைக்கு முன்னால் அண்ணன் அதைக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்க விட்டார். மழைநீர் கேபிளோடு ஓடி வந்தாலும் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனாலும் நீளம் சரியாக வரும்வரை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

மின்சாரம் கொடுத்த பிறகு காத்திருப்பு. டிஷ் எழுந்து, வானத்தைத் தேடி, தன் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. வாயில் ரொட்டியோடு அண்ணன் ஒரு கதை சொன்னார். ஆர்தர் சி. கிளார்க் கதை! செயற்கைக்கோள் வழியே உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதிய அந்த மனிதர் 1956-இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1975-இல் இந்திய விண்வெளி நிறுவனத்தின் பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டுக்கே வந்து ஒரு பெரிய டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார்கள். இந்தியக் கிராமங்களுக்காக நடந்த சோதனை ஒளிபரப்பை அவர் வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக. "அன்னைக்கும் யாரோ ஒருத்தர் போல்ட்டோட மல்லுக்கட்டியிருப்பாருல்ல?" என்றார் அண்ணன். நிச்சயம் மல்லுக்கட்டியிருப்பார்!

சிக்னல் வந்துவிட்டது. ஆனால் இவர்கள் கிளம்பவில்லை. மொத்தமாகப் போய்விடுகிறது என்ற புகார் இன்னும் பாக்கி. மரத்தால் அப்படி ஆகாது.

வீட்டுக்குள் போனோம். ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால், சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. டீச்சர் வகுப்பு எடுப்பது அலுமாரிக்கு மறுபக்கத்து அறையில். "வானத்திலருந்து இவ்வளவு தூரம் வந்தத, கடைசியா இந்த அலுமாரி நிப்பாட்டுது," என்று தம்பி ரவுட்டரை வெளியே எடுத்து ஜன்னல் மேல் தட்டில் வைத்தார். எடுக்கும்போது கவனித்தார்: கேபிளின் தலை முழுதாக உள்ளே போகவில்லை, பாதியில் நிற்கிறது. லேசாக அசைத்ததும் வெளிச்சம் அணைந்தது.

"இதை யாராவது கழட்டுவீங்களா?"

யாரும் பேசவில்லை. பிறகு அடுப்படி வாசலிலிருந்து பாட்டியின் குரல். "இடி இடிச்சா நாந்தான் எல்லாத்தையும் புடுங்கி விடுவேன், தம்பி. பொறகு சொருகிருவேன்."

ஐப்பசி மாதம். பின்னேரமானால் இடி. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்துக்குள் பாட்டி கழற்றி, திரும்பச் சொருகியிருக்கிறார், பாதி மட்டும். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நீங்க செஞ்சதுதான் சரி, பாட்டி. இடிக்குக் கழட்டாத வீட்டுல எத்தனை பெட்டி கருகிப்போச்சுன்னு எனக்குத் தெரியும்." அப்படியே பாட்டியின் கையைப் பிடித்துக் கேபிளின் தலையில் வைத்து, சின்னதாக ஒரு சத்தம் கேட்கும்வரை தள்ளச் சொன்னார். பாட்டி தள்ளினார். கேட்டது. இன்னொரு முறை கழற்றித் தள்ளினார். மறுபடி கேட்டது. இனி அந்த வீட்டின் இணையத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை!

இத்தனை வேலையிலும் செயற்கைக்கோள் மேல் ஒரு குறையும் இல்லை என்பது என்னை உலுக்கியது. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தைவிட அதிக உயரத்திலிருந்து சிக்னல் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. தடுமாறியது கூரைக்கும் அடுப்படிக்கும் இடையிலான சில மீட்டரில். அந்தச் சில மீட்டரைத் திருத்த வீட்டு மனிதர்களிடம் பேசத் தெரிய வேண்டும். அண்ணனின் உண்மையான கருவி அதுதான் என்பேன், துளை போடும் மெஷின் இல்லை.

மாலை வகுப்புதான் பரீட்சை. டீச்சர் கணினி முன் உட்கார்ந்தார், திரையில் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நானும் தம்பியும் கமராவுக்குப் படாமல் சுவரோடு ஒட்டி நின்றோம். பின்னம் கணக்கு ஆரம்பித்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒருமுறைகூட உறையவில்லை. தம்பி என் தோளைக் கிள்ளினார், அவ்வளவு சந்தோஷம்.

அப்போது திரையில் ஒரு சிறுமி வீரிட்டாள். "டீச்சர், பின்னால ஜன்னல்ல ரெண்டு கால்!"

கடைசியாக ஒரு கிளாம்பை இறுக்கிவிட்டு அண்ணன் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு, அத்தனை முகமும் ஒரே நேரத்தில் அசைந்தது. அண்ணன் குனிந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"பிள்ளைகளா, டீச்சர் கட் ஆகுறாங்களா?"

"இல்ல மாமா!"

"அப்ப ஒழுங்கா கணக்கப் போடுங்க. இனிமே லைன் போச்சுன்னு சாக்குச் சொல்ல முடியாது."

திரை முழுக்க முகங்கள் தொங்கிப்போயின. டீச்சர் அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினார்.