துரூயிதர் சமயம்: சான்றுரைப்போர் யாவர்?

மேனாடுகளில் 'துரூயித ஆன்மிகம்' என்னும் பெயரால் நூல்கள் பெருகியுள்ளன. மரப்பெயர் பொறித்த சீட்டுகளால் குறிபார்க்கும் முறையும் அவற்றுள் அடங்கும். இவற்றைப் பேய்வழிபாடென்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும், கெல்டியரின் தொல்ஞானமென்று போற்றுவோரும் திருச்சபையில் உள்ளனர். இரு சாராரும் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு: துரூயிதரைப்பற்றி நமக்குச் சான்றுரைப்போர் யாவர்? பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை பிற சமயத்தாரைப்பற்றிய நம் பேச்சுக்கும் பொருந்துமாதலின், இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது.

துரூயிதர் கெல்டிய மக்களிடையே குருக்களாகவும் நடுவர்களாகவும் விளங்கியவர்கள். அவர்தம் மாணாக்கருட் சிலர் 20 ஆண்டுகள்வரை செய்யுள்களை மனனம் செய்தனர் என்றும், சமயபோதனையை எழுத்தில் வடித்திலர் என்றும் ஜூலியஸ் சீசர் கூறுகிறார். ஆகவே அவர்தம் சமயத்தைப்பற்றி நம்மிடம் பேசுவோர் பெரும்பாலும் பிறரே. சீசர் அவர்களுடைய நாட்டை வென்ற படைத்தலைவர். உரோமர் ஏறத்தாழ கி.பி. 60இல் மோனாத் தீவைத் தாக்கியதை விவரிக்கும் டாசிட்டஸ், துரூயிதர் மனிதக் குடல்களைப் பார்த்துக் குறிகேட்டனர் என்கிறார். விலங்கின் குடலைப் பார்த்துக் குறிகேட்பது உரோமருக்கும் வழக்கமே! பகைவர் கூற்று என்பதால் நரபலி நிகழவேயில்லை என்று துணிதலும் பொருந்தாது. எச்சரிக்கையோடு படித்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

1897இல் பிரான்சு நாட்டுக் கொலின்யியில் கிடைத்த வெண்கல நாட்காட்டி காலிய மொழியிலேயே அமைந்தது. மாதங்களை நல்லன, அல்லன என அது பகுப்பதாகப் பெரும்பாலான அறிஞர் பொருள்கொள்வர். ஆனால் துரூயிதரின் பெயர் அதில் இல்லை.

கெல்டியப் புராணங்களுள் பெரும்பகுதியை ஏட்டிலேற்றிக் காத்தவர்கள் அயர்லாந்துக் கிறிஸ்தவர்களே. காஷல் நகர் ஆயரும் அரசருமான கோர்மக் (இறப்பு 908) இயற்றியதாகக் கருதப்படும் சொல்லகராதியில் குறிகேட்கும் முறையொன்று காணப்படுகிறது. புலவர் பன்றி, நாய், பூனை இவற்றுள் ஒன்றின் பச்சை இறைச்சியை மென்று, கதவுக்குப் பின்னுள்ள கல்லில் வைத்து மந்திரம் ஓதி, உள்ளங்கைகளைக் கன்னங்களில் வைத்து உறங்குவாராம். தூய பேட்ரிக் இதனைத் தடைசெய்தாராம். பேட்ரிக்கின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய குறிப்பு இது என்பதை மாணவர் நினைவிற்கொள்க. பன்னிரண்டாம் நூற்றாண்டு லென்ஸ்டர் ஏட்டில், கூலி நாட்டு ஆநிரை கவர்தல் பற்றிய பெருங்கதையின் முடிவில் இரு குறிப்புகள் உள்ளன. ஐரிய மொழியில் அமைந்தது, கதையைப் பிழையின்றி மனனம் செய்வோரை வாழ்த்துகிறது. இலத்தீனில் அமைந்ததோ, இக்கட்டுக்கதையைத் தாம் நம்பவில்லை என்றும், இதிற் சில பேய்களின் வஞ்சனை, சில புலவர் கற்பனை என்றும் கூறுகிறது. நம்பாததையும் சிதைக்காமல் எழுதிவைத்த இந்த நேர்மை நம் உள்ளத்தைத் தொடுகிறது.

பிற்காலத்தார் அனைவரும் இத்துணை நேர்மையாளர் அல்லர். வேல்ஸ் நாட்டு ஐயோலோ மொர்கன்வக் (1747–1826) தாமே புனைந்த பாடல்களையும் சடங்குகளையும் பழமையெனப் பரப்பினார். 1792இல் அவர் இலண்டனில் தொடங்கிய சடங்கு இன்றும் வேல்ஸ் தேசியக் கலைவிழாவில் இடம்பெறுகிறது. மரச்சீட்டுக் குறிமுறைகள் பலவும் இராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட 'வெண்தேவி' என்னும் நூலிலுள்ள மர நாட்காட்டிக்குக் கடன்பட்டவை. அது அவருடைய கற்பனையே. பழைய ஓகம் எழுத்துக் கற்களில் நாம் காண்பவை பெரும்பாலும் ஆட்பெயர்களே.

பயில விழைவோர் சீசர், டாசிட்டஸ் ஆகியோரின் மூலப்பகுதிகளை முதலில் படித்து, பின்னர் ஸ்டூவர்ட் பிகட்டின் 'துரூயிதர்' (1968), புரோன்ஷியஸ் மக்கானாவின் 'கெல்டியப் புராணவியல்' (1970) ஆகியவற்றுக்குச் செல்லலாம். பிற்காலப் புனைவுகளை அறிய ரொனால்டு ஹட்டன் 2009இல் வெளியிட்ட பெருநூல் உதவும்; அளவிற் பெரிதாயினும் அயர்வூட்டுவதன்று.