எலி வளைக்குள் ஒரு வேட்டைக்காரி!



எலி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மூன்று விஷயம். பூனை, எலிப்பொறி, எலி மருந்து. இதையே இங்கிலாந்தில் ஒரு கிராமத்து விவசாயியிடம் கேட்டால், நாலாவதாக ஒன்றும் சொல்வார். அதுதான் ஃபெர்ரெட். என்னடா இது, வாயில் நுழையாத பேரா இருக்கேன்னு யோசிக்காதீங்க. பேர் நம்ம வாயில் நுழையாவிட்டாலும், அது எலி வளைக்குள் நுழைந்துவிடும்!

சட்டென்று பார்த்தால் ஃபெர்ரெட் நம்ம ஊர்க் கீரிப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். நீளமான உடம்பு, குட்டைக் கால், சின்னத் தலை. ஆனால் கீரிக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. இது நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு சின்ன வேட்டை விலங்கு உண்டு. (பேரில் 'கேட்' இருந்தாலும் அது பூனை இல்லை!) அதைப் பிடித்துப் பழக்கி, 2000 வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் வளர்த்து வந்ததில் உண்டானதுதான் ஃபெர்ரெட். ஓநாயிலிருந்து நாய் வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயருக்கு லத்தீன் மொழியில் 'குட்டித் திருடன்' என்று அர்த்தம். பளபளன்னு எது கிடைத்தாலும் இழுத்துக்கொண்டு போய் ஒளித்துவைக்கிற பழக்கம் அதுக்கு இருக்கு. பொருத்தமான பேர்தான்.

இன்னொரு வேடிக்கை. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். சில ஃபெர்ரெட்டுகள் 18 மணி நேரம்கூடத் தூங்குமாம். கொடுத்து வெச்சது! ஆனால் முழித்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சும்மா இருக்காது. எங்கே ஓட்டை இருந்தாலும் தலையை விட்டுப் பார்க்கும். தலை நுழைந்தால் போதும், உடம்பு தானாக நுழைந்துவிடும். முதுகெலும்பு அவ்வளவு வளையும்.

ஆதிகாலத்தில் இதை வளர்த்தது எலிக்காக இல்லை, முயலுக்காக. ஸ்பெயின் நாட்டுக்குப் பக்கத்தில் பலேரிக் தீவுகள் இருக்கின்றன. அங்கே முயல் பெருகி விளைச்சலை எல்லாம் தின்று தீர்த்ததாம். அந்த மக்கள் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸிடம் போய், முயலை அடக்கப் பட்டாளம் அனுப்புங்கள் என்று கேட்டார்களாம்! ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார். முயல் வளைக்குள் விட்டு வேட்டையாடும் ஒரு சின்ன விலங்கைப் பற்றியும் அதே இடத்தில் சொல்கிறார். அது ஃபெர்ரெட்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

சரி, எலி விஷயத்துக்கு வருவோம்.

எலி பிடிக்கப் பூனை இருக்கே, இது எதுக்கு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், குப்பையை மறுசுழற்சி செய்யும் ஓர் இடத்தில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த ஆய்வு இது. அங்கே எலிகளும் நிறைய, திரியும் பூனைகளும் உண்டு. 79 நாளில் பூனைகள் கொன்ற எலி எத்தனை தெரியுமா? வெறும் 2. பெரிய எலி என்றால் பூனையே ஒதுங்கிப் போய்விடுகிறது. பூனைக்குத் தோதான இரை சுண்டெலிதான். அது மட்டும் இல்லை, பூனை வெளியே உட்கார்ந்து காத்திருக்கும். எலி உள்ளேயே இருந்தால் என்ன செய்ய முடியும்?

ஃபெர்ரெட் உள்ளே போகும். இதுதான் விஷயமே.

ஆனால் இங்கேதான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபெர்ரெட் உள்ளே போய் எல்லா எலியையும் கடித்துக் கொன்றுவிட்டு வெற்றியோடு திரும்பி வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதன் முக்கியமான வேலை கொல்வது அல்ல, கிளப்புவது. வளைக்குள் அதன் வாடை வந்த உடனே எலிக்குக் குலை நடுங்கிவிடும். இருக்கிற இன்னொரு வாசல் வழியாக வெளியே பாயும். வெளியே பிடிப்பதற்கு வேற ஆள் இருக்கிறார்கள். மனிதன், நாய், ஃபெர்ரெட் மூவரும் சேர்ந்தால்தான் வேட்டை. கபடி டீம் மாதிரி! பாடிப் போகிறவர் ஃபெர்ரெட்.

எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஒரு பண்ணை. வைக்கோல் போர், கோழிக் கொட்டகை, தானியக் கிடங்கு. முதலில் மனிதனுக்குத்தான் வேலை. எலி ஓடிய தடம், புழுக்கை, புதிதாகத் தள்ளிய மண் எல்லாவற்றையும் பார்த்து எந்த வளையில் எலி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வளைக்கு ஒரே வாசல் இருக்காது. ரெண்டு மூணு இருக்கும். புல் மறைவிலே ஒன்று, சுவர் இடுக்கிலே ஒன்று. எலி என்ன முட்டாளா? தப்பிக்க வழி வைக்காமல் வீடு கட்டாது. ஒரு வாசலைக் கவனிக்காமல் விட்டாலும் அத்தனையும் அது வழியாகப் போய்விடும். அதனால் எல்லா வாசலையும் எண்ணி, சிலதில் வலை விரித்து, மற்றதில் நாயை நிறுத்துவார்கள். டெரியர் என்ற சின்ன ரக நாய்தான் இதற்குச் சரி. கண் இமைக்கும் நேரத்தில் எலியைக் கவ்வி ஒரு உதறு உதறும், அவ்வளவுதான்.

அடுத்தது அமைதி. பேசக் கூடாது, தொம் தொம் என்று நடக்கக் கூடாது. மேலே ஆள் நடக்கிற அதிர்வு உள்ளே எலிக்குத் தெரியும். வெளியே ஆள் இருப்பது தெரிந்தால் அது கிளம்பாது. பிறகு பெட்டியிலிருந்து ஃபெர்ரெட்டை எடுத்து வாசலருகே மெதுவாக விடுவார்கள். அது மோப்பம் பிடிக்கும். எலி இல்லை என்றால் பழகிய ஃபெர்ரெட் திரும்பிக்கூடப் பார்க்காது. இருந்தால் வால் ரோமம் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்துக்கொள்ளும். அப்படியே உள்ளே மறைந்துவிடும்.

அதுக்கப்புறம் மேலே நிற்பவர்களுக்கு ஒண்ணும் தெரியாது. காத்திருக்க வேண்டியதுதான். சில சமயம் உள்ளே கீச் கீச் சத்தம் கேட்கும். திடீரென்று ஒரு எலி, இன்னொரு எலி, பட் பட்டென்று வெளியே பாயும். கடைசியாக இன்னொரு தலை எட்டிப் பார்க்கும். அது ஃபெர்ரெட்! அந்த இடத்தில்தான் நாயின் படிப்பு தெரியும். வெளியே வருகிற தலை எலியா, நம்ம கூட்டாளியா என்று ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் நாய்க்குட்டியாக இருக்கும்போதே ஃபெர்ரெட்டோடு சேர்த்துப் பழக்குகிறார்கள். பழகாத நாயை வேட்டைக்குக் கூட்டிப் போனால் முதலில் சாவது ஃபெர்ரெட்டாகத்தான் இருக்கும்.

ஆபத்து வெளியே மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எலி வேட்டைக்கு ஆண் ஃபெர்ரெட் பருமன், குறுகலான வளையில் போகச் சிரமம். அதனால் சின்ன உடம்புள்ள பெண்ணைத்தான் பெரும்பாலும் விடுவார்கள். அதன் எடை முக்கால் கிலோ வாக்கில் இருக்கும். நன்றாக வளர்ந்த பழுப்பு எலி 300 கிராமுக்கு மேல், சில எலி அரைக் கிலோகூட வரும். உளி மாதிரி பல். முயல் வேட்டையில் முயல் ஓடத்தான் பார்க்கும். எலி அப்படி இல்லை. குட்டி போட்ட தாய் எலி மூலையில் மாட்டிக்கொண்டால் நின்று சண்டை போடும். உள்ளே கும்மிருட்டு, ஒதுங்க இடம் கிடையாது, கடி எல்லாம் மூக்கிலும் கண்ணோரத்திலும்தான் விழும். அதனால் அனுபவசாலிகள் இளம் ஃபெர்ரெட்டை எலி வளையில் விடுவதில்லை. ஒருமுறை பலமாகக் கடிபட்ட சில ஃபெர்ரெட்டுகள் அதற்குப் பிறகு எலி வாடை வந்தாலே பின்வாங்கிவிடும். என்னைக் கேட்டால் அதைக் கோழை என்று சொல்லவே மாட்டேன். அது போன இடத்துக்கு நம்மால் கையைக்கூட விட முடியாது.

வேலை முடிந்ததும் வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை எலி விழுந்தது என்பதை அல்ல, ஃபெர்ரெட்டின் முகத்தை. ரோமத்தை விலக்கிக் காயம் தேடி, கழுவி மருந்து போட வேண்டும். எலிக்கடி சீழ் பிடித்துவிடும். மனிதர்களும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலியின் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. இன்னொரு விஷயம்: நமக்கு வருகிற ஃப்ளூ காய்ச்சல் ஃபெர்ரெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். 1933-இல் லண்டனில் ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்தபோது விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்ததே ஃபெர்ரெட்தான். சளி பிடித்தவர் அதைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது.

லண்டனில் விக்டோரியா மகாராணி காலத்தில் ஜாக் பிளாக் என்று ஒரு எலி பிடிப்பவர் இருந்தார். பச்சைக் கோட்டு, தோள்பட்டையில் எலி உருவம் பதித்த தோல் பட்டை என்று ராஜ கம்பீரமாக வருவாராம். அவருக்கும் ஃபெர்ரெட், டெரியர் எல்லாம் உண்டு. ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் அவரைப் பேட்டி எடுத்துத் தன் நூலில் சேர்த்தார். எலிக்கடியால் பிளாக் சாவின் விளிம்பு வரை போய் வந்திருக்கிறார். மனிதனுக்கே அப்படி!

இப்போதுதான் விஷ மருந்து இருக்கே, இன்னும் ஏன் ஃபெர்ரெட்? ரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்லும் வார்ஃபரின் என்ற மருந்து 1950களில் பரவலாக வந்தது. எலி ஒழிந்தது என்றே நினைத்தார்கள். 1958-லேயே ஸ்காட்லாந்தில் அந்த மருந்துக்கு மசியாத எலிகள் தென்பட்டன. அப்புறம் இன்னும் கடுமையான மருந்துகள் வந்தன. மருந்து தின்ற எலியைத் தின்கிற ஆந்தை உடம்பிலும் அது சேர்கிறது. கோழி திரிகிற இடத்தில் விஷம் வைக்கவும் பயம். அதனால் சில பண்ணைகளில் ஃபெர்ரெட்டும் டெரியரும் இன்றும் வேலை செய்கின்றன. இங்கிலாந்தில் நாயை விட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடத் தடை போட்ட 2004-ஆம் வருஷச் சட்டம்கூட எலிக்கும் முயலுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் தானியத்தை மூடி வைக்காமல், ஓட்டையை அடைக்காமல் விட்டால் எத்தனை ஃபெர்ரெட் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. தாய் எலி மூன்றே வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஏழெட்டு சாதாரணம்.

"அப்போ ஃபெர்ரெட்டை அப்படியே காட்டில் அவிழ்த்து விட்டால் அதுவே வேட்டையாடிக்காதா?" என்று தோன்றும். நியூசிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். 1880களில் முயலை ஒழிக்க ஆயிரக்கணக்கில் விட்டார்கள். முயலும் ஒழியவில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகள்தான் மாட்டிக்கொண்டன. அந்த நாட்டின் அடையாளமான கிவி பறவைக்குப் பறக்கத் தெரியாது. வளர்ந்த கிவியையே ஒரு ஃபெர்ரெட் கொன்றுவிடும். 2002-இல் அங்கே ஃபெர்ரெட் வளர்த்துப் பெருக்கவும் விற்கவும் தடை போட்டுவிட்டார்கள்.

நம்ம நாட்டுக் கீரிக்கும் இதே கதை உண்டு. 1872-இல் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகள் கப்பலேறி ஜமைக்கா தீவுக்குப் போயின. கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க! முதலில் எலி குறைந்தது. பிறகு கோழி, பறவை முட்டை, ஓணான் வகை என்று கீரி கைவைக்காத இடம் இல்லை. 1883-இல் ஜமைக்காவிலிருந்து ஹவாய்த் தீவுக்கும் போயிற்று. கீரி பகலில் இரை தேடும். எலியோ ராத்திரியில். ரெண்டுக்கும் எப்படி அதிகம் சந்திப்பு நடக்கும்? பாவம், கீரி மேலே தப்பு இல்லை. அனுப்பினவர்கள் அதைக் கேட்கவில்லை.

கொசுறு: 1971-இல் அமெரிக்காவில் சிகாகோ அருகே ஒரு பெரிய அணு ஆராய்ச்சிக்கூடம் (இன்று அதன் பேர் ஃபெர்மிலேப்) கட்டும்போது, நீளமான குழாய்களின் உள்ளே கிடந்த உலோகத் தூளைச் சுத்தம் செய்ய வழி தெரியவில்லை. ஃபெலிசியா என்ற ஃபெர்ரெட்டை 35 டாலருக்கு வாங்கினார்கள். கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டி விட்டதும் குழாயின் அந்தப் பக்கம் போய் நின்றது. பிறகு அந்த நூலில் மருந்தில் நனைத்த பஞ்சைக் கட்டி இழுத்துத் துடைத்தார்கள். ஆனால் நான்கு மைல் சுற்றளவுள்ள பெரிய வளையக் குழாயைக் காட்டியபோது ஃபெலிசியா உள்ளே போக மறுத்துவிட்டது!