பழைய வீட்டின் மரமும் ஓடும்

"பழைய வீடு இனித் தாங்காது, இடிக்கப் போகிறோம். மரத்தையும் ஓட்டையும் ஒரு வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார். என்ன சொல்ல?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களை விட்டு வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மில் பலருக்கு இக்கேள்வி புதிதன்று. விடை கூறுமுன் சற்றே யோசிப்போமாக.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையின் இருபுறமும் தச்சு முறை ஒன்றே. பலாவும் அயினியும் இழைத்து, துளையிட்டுப் பொருத்தி, மர ஆணியால் இணைத்த கூரைகளை உடைக்க வேண்டுவதில்லை; எண்ணிட்டுக் கழற்றலாம். கழற்றியவற்றைக் கொண்டு எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சாமான் அறையொன்றை நாமே எழுப்பலாம்.

முதலில் தேர்வு. மரத்தைத் தட்டினால் பொள்ளென்று ஒலிப்பின் கரையான் அரித்தது, தள்ளுக. ஓடு கணீரென்று ஒலித்தால் நல்லது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் எளிதில் பிரியும். சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் உடைந்துபோம்.

கருங்கல் அடித்தளம் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரட்டும். கரையானும் ஈரமும் அண்டா. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறத்தாழக் கால்பங்கு கல் மிச்சமாகும். ஆனால் மேல்வரிசையை நிறைவாக மூடுதல் அவசியம். இல்லையேல் எலி உண்மையாகவே குடியேறிவிடும்! எடவப்பாதி, துலாவர்ஷம் என இரு மழைகளையும் காணும் ஊராதலின் கூரைச் சரிவு முப்பது பாகையும், இறவாரம் ஒன்றரை அடியும் இருத்தல் நலம். இவ்வறைக்கு 250 மங்களூர் ஓடு போதும். வாசலைத் தென்மேற்கு நோக்கி வைத்தலாகாது.

இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பழைய கதவுகளையும் சன்னல்களையும் தேடி வாங்கிப் புதிய வீடுகளில் அமைத்தார். அவர் விலை கொடுத்து வாங்கியதை நாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவானேன்?

ஆகையால் ஊருக்கு இவ்வாறு சொல்வோம்: "மொத்தமாகப் பேச வேண்டாம். முதலில் ஆசாரியை அழைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அறைக்கு வேண்டியதை எடுத்து வைத்து, எஞ்சியதை மட்டும் விற்போம்." அடுத்த விடுமுறையில் நாம் ஊர் செல்லும்போது, தேங்காயும் நெல்லும் நனையாதிருக்கும், பாட்டனார் கைபட்ட கதவும் நமக்குத் திறக்கும்.