பெயர் தாங்கும் பலகை



கோயிலாயினும் கடையாயினும் பள்ளியாயினும், உள்ளே நுழையுமுன் நம் கண்ணிற்படுவது அதன் பெயர்ப்பலகையே. தகரத்தில் வண்ணம் பூசிய பலகைகளும் ஞெகிழிப் பலகைகளும் இன்று எங்கும் உள்ளன. ஆயினும் மரத்தில் உளியாற் செதுக்கிய பலகைக்குத் தனி மதிப்பு உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிற்குச் சென்றால், 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்காவையும், அதற்கு அண்மையில் 1842இல் கட்டி முடிக்கப்பெற்ற தியான் ஹொக் கெங் என்னும் சீனக் கோயிலையும் காணலாம். அக்கோயிலுக்குச் சீனப் பேரரசர் குவாங்சு 1907இல் நான்கு எழுத்துகளை வழங்கினார். தென்கடலில் அலைகள் அடங்குக என்பது அவற்றின் பொருள். அவ்வெழுத்துகளைத் தாங்கிய பலகை அங்கு உயரத்தில் தொங்குகிறது. சீனக் கடைகளிலும் சங்கங்களிலும் இத்தகைய மரப்பலகைகளை மிகுதியாகக் காணலாம். நம்மவர் இக்கலையில் அவ்வளவாக ஈடுபடவில்லை. தேருக்கும் கோயிற் கதவுக்கும் இழைத்து இழைத்துச் சிற்பம் செய்த மரபு நம்முடையது. எழுத்துக்கு மட்டும் ஏனோ கல்லையும் செம்பையுமே நாடினோம்.

தமிழில் ஒரு பெரிய மரப்பலகை செய்வதாயின் எவ்வாறு செய்வது? புக்கிட் பாஞ்சாங் என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மலாய் மொழியில் நீண்ட குன்று என்பது இதன் பொருள். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இவ்வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 2015இல் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையத்தில் இப்பெயர் தமிழிலும் எழுதப்பட்டுள்ளது. நம் பலகையின் நீளம் 3 மீட்டர், உயரம் 90 செண்டிமீட்டர், கனம் 5 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே மரத்தில் 90 செண்டிமீட்டர் அகலமுள்ள பலகையை அறுத்துவிட்டாற் போகிறது என்று சிலர் எண்ணக்கூடும். அத்துணைப் பருத்த மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பயன்படுத்தலாகாது. ஏனெனில் வெட்டப்பட்ட மரமும் ஓய்ந்திருப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சி விரிகிறது. ஈரம் குறைந்தால் சுருங்குகிறது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் ஏறக்குறைய 82 விழுக்காடு. விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் 60 அளவிற்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவேதான் பலகை வாழவேண்டும்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக விரிவதில்லை என்பதே இங்கு அறியவேண்டிய முதற்செய்தி. இழை ஓடும் நீளவாட்டில் அசைவு மிகமிகக் குறைவு. குறுக்குவாட்டில்தான் அசைவு மிகுதி. குறுக்குவாட்டிலும் இரு வகை உண்டு. வளையங்களைத் தழுவி அகலவாக்கில் அறுத்த தேக்குப் பலகை, மரத்தின் ஈரம் 4 விழுக்காடு மாறும்போது, 90 செண்டிமீட்டர் அகலத்திற்கு ஏறக்குறைய 6 முதல் 7 மில்லிமீட்டர் அசையும். வளையங்களுக்குக் குறுக்காக, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கி அறுத்த பலகையோ அதிற் பாதியளவே அசையும். ஒரே அகலப் பலகையை நான்கு மூலையிலும் ஆணியடித்து இறுக்கிவிட்டால் அந்த 6 மில்லிமீட்டர் எங்கே போகும்? வெடிப்பாக வெளிப்படும். வெடிப்பு எழுத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

ஆகவே 15 செண்டிமீட்டர் அகலமுள்ள ஆறு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பெரும்பலகை ஆக்குகிறோம். விளிம்புகளை இழைப்புளியால் நேராக்கி, இரண்டு பலகைகளைச் சேர்த்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் இடையே ஒளிக்கீற்றுத் தெரியக்கூடாது. விளிம்பிற் காடி வெட்டி, அதனுள் நாக்குப் போன்ற மெல்லிய சட்டத்தைச் செருகிப் பசையிட்டு இறுக்குவர். காடியையும் நாக்கையும் கனத்தின் நடுவில் வைக்காமல் பின்புறத்தை ஒட்டி வைக்கவேண்டும். முன்புறம் ஒன்றரைச் செண்டிமீட்டர் ஆழத்திற்கு உளி இறங்கப்போகிறதல்லவா? ஆறு பலகைகளிலும் இழை ஒரே திசையில் ஓடுமாறு அடுக்குவதும் இன்றியமையாதது. இல்லையேல் ஒரு பலகையில் வழுக்கிச் செல்லும் உளி அடுத்த பலகையில் மரத்தைப் பெயர்த்தெடுக்கும். பள்ளிக் கைவினைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை மழைக்குத் தாங்காது. எப்பாக்சி, ரிசார்சினால் போன்ற பசைகளே வெளியிடத்திற்கு ஏற்றவை.

மரம் எது? தேக்குச் செதுக்குவதற்கு இணங்கும். வெயிலையும் மழையையும் தாங்கும். மலேசியக் காடுகளில் விளையும் செங்கால் இன்னும் உறுதியானது. ஆனால் உளியின் கூரைச் சோதிக்கும். தோட்டத்து அன்பர்கள், நாம் பால்வெட்டும் மரத்தில் செய்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகாகவே எரித்தோம். பின்னர் அது மேசை நாற்காலியாகி நாடு நாடாகச் செல்லலாயிற்று. அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால் உடனே போரான் உப்புக் கரைசலை ஏற்றி உலர்த்துவர். அந்த உப்பு மழைநீரிற் கரைந்து வெளியேறிவிடும். ஆதலின் வகுப்பறைக்குள்ளே தொங்கும் பலகைக்கு ரப்பர் மரம் தாராளமாக ஆகும். வாயிலில் நிற்கும் பலகைக்கு ஆகாது. கடையில் விற்கும் ரப்பர் மரப் பலகையை உற்றுப் பாருங்கள். விரல்களைக் கோத்தாற்போன்ற மூட்டுகளால் சிறு துண்டுகளை இணைத்தே அதனையும் செய்திருப்பர்.

இனி எடையைக் கணக்கிடுவோம். ஐந்தாம் வகுப்பு மாணவர் தாமே செய்து பார்க்கலாம். நீளம் 3, அகலம் 0.9, கனம் 0.05, பெருக்கினால் 0.135 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தேக்கு ஏறக்குறைய 650 கிலோகிராம். ஆகவே பலகையின் எடை 88 கிலோகிராம் அளவு. ஏணிமேல் ஏற்றுவதற்கு இது பெருஞ்சுமை. இரண்டு பகுதிகளாகச் செய்தால் ஒவ்வொன்றும் 44 கிலோகிராம். இருவர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

எங்கே பிரிப்பது என்பதில்தான் தமிழறிவு வேண்டும். புக்கிட் என்பதில் நான்கு எழுத்து. பாஞ்சாங் என்பதிலும் நான்கு எழுத்து. இரு சொற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடமே தக்க இடம். எல்லாப் பெயரும் இவ்வளவு இணக்கமாக அமைவதில்லை. கொ, பே, சா போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்து நிற்கின்றன. தமிழ் தெரியாத தச்சர் இடைவெளியைக் கண்டு, கொம்பு ஒரு பகுதியிலும் மெய் மறுபகுதியிலுமாக அறுத்துவிடக்கூடும். எழுத்தறியாதவர் கையிற் பெயர் என்ன பாடுபடும் என்பதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டா. 2014இல் லாவ் பா சாட் சந்தையைக் காட்டும் வழிகாட்டிப் பலகை ஒன்றில் ‘லாவ் பா சனி’ என்று தமிழில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் உள்ள கடைசி மூன்றெழுத்தைச் சனிக்கிழமையின் சுருக்கமாகக் கொண்டதன் விளைவு அது. நல்ல வேளை, மரத்திற் செதுக்கப்பட்டதன்று!

அடுத்தது புள்ளி. நம் எடுத்துக்காட்டில் க், ட், ஞ், ங் என நான்கு புள்ளிகள் உள்ளன. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆயினும் ஓலையில் எழுதியோர், குத்தினால் ஓலை கிழியும் என்றஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அதனாற் படிப்பவர் பட்ட தொல்லையைச் சுவடி பதிப்பித்தோர் நன்கறிவர். மரத்திலும் அதே தொல்லை வேறு வடிவில் வருகிறது. எழுத்தைப் புடைப்பாக, மேலெழுந்து நிற்குமாறு செதுக்கினால், புள்ளி மட்டும் துணையின்றிச் சிறு குமிழாக நிற்கும். அதில் இழை மிகக் குட்டையானதால் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். ‘கல்’ என்று நின்றது ‘கல’ ஆகிவிடும். ஆகவே எழுத்தைக் குழிவாகச் செதுக்குவதே தமிழுக்கு ஏற்றது என்பது என் கருத்து. புடைப்புத்தான் வேண்டும் என்போர், புள்ளியைத் தனி முளையாகக் கடைந்து, பலகையில் துளையிட்டுப் பசையுடன் அறையலாம்.

பசைக்கோடு புள்ளியின் நடுவே ஓடவும் கூடாது. பெரிய எழுத்துகளின் குறுக்கே அது செல்வதைத் தவிர்க்கவியலாது. எழுத்தின் உருவம் அதனைத் தாங்கிக்கொள்ளும். சிறு புள்ளி தாங்காது. மேலிருந்து எண்ணினால் இரண்டாம் பலகைக்குள் நான்கு புள்ளிகளும் முழுமையாக அடங்குமாறும், எழுத்தின் உடல் மூன்று, நான்கு, ஐந்தாம் பலகைகளில் அமையுமாறும் வரையவேண்டும். கியின் சுழி மேலே ஏறும். புவின் கால் கீழே இறங்கும். அவற்றுக்கும் இடம் விடவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அளந்து பழகியவர்கள் இவ்விரண்டையும் மறந்து, பலகை உயரத்தைக் குறைத்துவிடுவது வழக்கம்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். 3 மீட்டர்ப் பலகை ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்து, ஒரு துண்டை இடப்பகுதிக்கும் மறுதுண்டை வலப்பகுதிக்கும் அதே வரிசையில் வைக்கவேண்டும். அப்போது இரு பகுதியும் ஒரே மரமாக நின்று ஒரே அளவில் விரியும், நிறமும் ஒத்திருக்கும். பகுதிகளைத் தற்காலிகமாக இணைத்துவைத்து, எழுதிய தாளை மேலே ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கவேண்டும். தனித்தனியே செதுக்கிப் பின்னர்ச் சேர்த்தால் வரிமட்டம் பிறழும். உளியையும் கொட்டாப்புளியையும் கொண்டு நடுவிலிருந்து இரு சரிவாக வெட்டி வரும்போது, கீழ்ச்சரிவு வெளிநோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். இல்லையேல் குழியில் மழைநீர் தேங்கும்.

இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் பசை பயன்படாது. மரத்தின் வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும், பிடிப்பு நில்லாது. ஆகவே அம்முகங்களுக்கு வண்ணம் பூசி ஈரத்தைத் தடுத்து, 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பின்புறச் சட்டகத்தில் போல்ட்டுகளால் பிணைக்கவேண்டும். சட்டகத்தின் நெடுஞ்சட்டங்களில் நடுத்துளை மட்டும் வட்டமாகவும், மேலும் கீழும் உள்ள துளைகள் நீள்வட்டமாகவும் இருத்தல் வேண்டும். நடுவில் இறுகப் பிடித்து ஓரங்களில் அசைய விடுவதே இதன் நோக்கம். நம் ஊர்க் கதவுகளிலும் இதே முறைதான்: உட்பலகை சட்டத்தின் காடிக்குள் பசையின்றி நிற்கும். திருகாணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கவேண்டும். சாதாரண இரும்பாணி துருப்பிடித்து, மரத்தில் கறுப்புக் கறை படியச் செய்யும்.

குழிவுக்குள் வண்ணமோ தங்கரேக்கோ இட்டபின் பலகையைக் கூரை நிழலில் மாட்டுவது நன்று. ஆண்டுக்கொரு முறை இறக்கி, எண்ணெயோ வார்னிஷோ புதுப்பித்து, நீள்துளைத் திருகாணிகள் அசைகின்றனவா என்று பார்க்கவேண்டும். வண்ணம் பூசுவோர் அவற்றை வண்ணத்தாலேயே ஒட்டிவிடுவது உண்டு. பின்புறத்தில் இட, வலப் பகுதிகளுக்கும் போல்ட்டுகளுக்கும் இட்ட எண்களை மட்டும் மறைத்துவிட வேண்டா; அடுத்த ஆண்டு கழற்றி மாட்டப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.