ஏறும் சுவரும் விழும் தரையும்

மாமரத்திலும் கொய்யா மரத்திலும் ஏறிக் கிளைக்குக் கிளை தாவிய இளமைப் பருவத்தை நம்மில் பலர் இன்றும் நினைத்து மகிழ்கிறோம். பிழைப்பை நாடிப் பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியுள்ள நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு அரிதாகிவிட்டது. ஆயினும், ஏறவேண்டும் என்னும் ஆசை குழந்தையை விட்டுப் போவதில்லை. சன்னற்கம்பியில் தொங்கும் சிறுவனைக் கண்டித்துக் களைத்த தாய்மார் இதனை நன்கறிவர்.

இவ்வாசைக்கு இடந்தரும் உள்ளரங்க ஏறுசுவர் நிலையங்கள் பெருநகரங்களில் இன்று உள்ளன. 2021 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்குத் துணிவும் தரும் நல்ல பயிற்சி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையை எந்த நிலையத்தில் சேர்ப்பது? சுவரின் உயரத்தையும் வண்ணத்தையும் கண்டு மயங்கிப் பணம் கட்டிவிடுவோர் பலர். சுவரைப் பார்க்குமுன் தரையைப் பாருங்கள் என்பதே நாம் கூற விரும்புவது.

இவ்விளையாட்டு இருவகைப்படும். கயிறின்றி ஏறுவது போல்டரிங். அதற்குரிய சுவர் பெரும்பாலும் நாலரை மீட்டருக்கு மேற்படாது. கீழே தடித்த மெத்தை பரப்பப்பட்டிருக்கும். மற்றது, 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்த சுவரில், ஹார்னஸ் என்னும் இடுப்புப் பட்டையில் கயிற்றைப் பிணைத்து ஏறுவது. கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்துக் காப்பதற்குப் பிலே என்று பெயர்.

போல்டரிங்கில் ஏறுவோர் அடிக்கடி மெத்தையில் விழுவர். அடிபடுவதும் பெரும்பாலும் தரையைத் தொடும் அந்நொடியிலேதான். ஆதலின், மெத்தைகளுக்கிடையே கால் சிக்கும் இடைவெளி உண்டா, உறை கிழிந்துள்ளதா, ஏறுபவருக்கு நேர்கீழே பிறர் உலவுகின்றனரா என்று நோக்குங்கள். நல்ல ஆசிரியர் முதல் நாளில் ஏறக் கற்பிக்குமுன் விழக் கற்பிப்பார். இரு கால்களாலும் தரையைத் தொடவேண்டும்; முழங்காலை மடக்கவேண்டும்; கைகளை மார்போடு சேர்த்துப் பின்புறமாக உருளவேண்டும். கையைப் பின்னே ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியக்கூடும். இதனைச் சொல்லித்தராமல் குழந்தையைச் சுவரில் ஏற்றுவாராயின், அழைத்துக்கொண்டு வீடு திரும்புவதே நன்று.

கயிற்றுச் சுவராயின், ஒவ்வொரு முறையும் ஏறுமுன் இருவரும் ஒருவர் மற்றவரின் பட்டையையும் முடிச்சையும் கொக்கியையும் சரிபார்க்கின்றனரா என்று கவனியுங்கள். கயிற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஆட்டோ பிலே என்னும் கருவி சில இடங்களில் உண்டு. அதன் கொக்கியை மாட்ட மறந்து ஏறுவதே அதில் பேராபத்து. மறதிக்கு இடங்கொடாதபடி, ஏறத் தொடங்கும் இடத்தைத் தடுப்புத்துணியால் மறைத்திருப்பது நல்ல நிலையத்தின் அடையாளம். கயிற்றையும் கருவியையும் கடைசியாக என்று சோதித்தீர்கள் என்று கேளுங்கள். சினவாமல் பதிவேட்டைக் காட்டுவோரை நம்பலாம்.

விரைவில் பரிசு வாங்கித் தருகிறோம் என்னும் வாக்குறுதியிலும் எச்சரிக்கை வேண்டும். வளரும் பிள்ளைகளின் விரல் எலும்புகளில் வளர்ச்சிப் பகுதி இன்னும் முதிராத குருத்தெலும்பாகவே இருக்கும். மெல்லிய விளிம்பில் விரல் நுனியால் தொங்கும் கடும்பயிற்சியை இடைவிடாது செய்தால் அப்பகுதி முறிவுறும். விரல் மூட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், ஏறுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஆசிரியர் கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ விரைந்து பேசுவார். அண்மையில் ஊரிலிருந்து வந்த பிள்ளை, புரியாவிடினும் கூச்சத்தால் தலையாட்டும். வேறு பாடமாயின் மதிப்பெண் குறைவதோடு போகும். இங்கோ எலும்பு முறியும். எனவே முதல் வகுப்பு முடிந்ததும், ஆசிரியர் கூறியதைத் தமிழில் திருப்பிச் சொல்லுமாறு பிள்ளையைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், மறுநாள் நீங்களே உடன்சென்று ஆசிரியரிடம் மீண்டும் விளக்கச் சொல்லுங்கள். அதற்கு நாணவேண்டுவதில்லை.

ஆண்டுச் சந்தாவை முதல் நாளிலேயே கட்டவேண்டாம். கூட்டம் மிகுந்த மாலையில் ஒருமணி நேரம் நின்று பாருங்கள். ஒரு நாளைக்குரிய கட்டணம் செலுத்திப் பழக்கிப் பாருங்கள். காலணியை வாடகைக்கு எடுத்தாலே தொடக்கத்துக்குப் போதும். கையெழுத்திடும் படிவத்தில், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதைப் படித்தறியுங்கள்.

ஏறக் கற்பிப்போர் பலர் உளர். விழவும் கற்பிப்போரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைப்போமாக.